சதுரங்கத் தரப்புள்ளியும் வயதும்

சதுரங்கப் போட்டி நடைபெறும் மண்டபத்தின் வெளியே காத்திருக்கும் பெற்றோர் ஒருவரையொருவர் கேட்கும் கேள்விகள் இரண்டு. "பிள்ளைக்கு எத்தனை வயது?" "ரேட்டிங் எத்தனை?" இவ்விரு விடைகளையும் சேர்த்துப் பார்த்து உடனே ஒரு முடிவுக்கும் வந்துவிடுவார்கள். 12 வயதில் 1500 என்றால் கெட்டிக்காரி. 16 வயதிலும் அதே 1500 என்றால், இனி இது போதும், பாடத்தைப் பார்க்கட்டும்.

நான் கல்லூரிச் சதுரங்கக் குழுவில் ஆடுபவள். உயர்தரத்தில் கணிதம் கற்பவள். இந்த முடிவு எவ்வளவு தூரம் சரியானது என்பதைக் கணித பாடத்தில் நாம் கற்ற 'பரம்பல்', 'இடை' என்பவற்றின் துணையுடன் இங்கு விளக்க முயல்கிறேன்.

தரப்புள்ளி என்பது என்ன?

ஆட்டக்காரரைத் தரம் பிரிக்கும் வழக்கம் புதியதன்று. அப்பாசியர் காலத்துப் பக்தாதில் சத்ரஞ்ச் ஆடியோர் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். மேல் வகுப்பினர் கீழ் வகுப்பினருடன் ஆடும்போது தமது காய் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆடுவர். இன்று நாம் பயன்படுத்தும் முறையை வகுத்தவர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பௌதிகவியல் பேராசிரியர் அர்பாட் எலோ. அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் 1960இலும், பிடே எனப்படும் சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் 1970இலும் இம்முறையை ஏற்றுக்கொண்டன.

இதன் அடிப்படை நிகழ்தகவு ஆகும். இருவரின் புள்ளிகளும் சமமாயின், ஒவ்வொருவரிடமிருந்தும் எதிர்பார்க்கப்படும் பெறுபேறு 0.50. வித்தியாசம் 100 ஆயின் கூடியவரிடம் 0.64, 200 ஆயின் 0.76. அதாவது 1700 உள்ளவர் 1500 உள்ளவருடன் நூறு ஆட்டங்கள் ஆடினால், சமநிலைகளை அரைப் புள்ளியாகக் கொண்டு ஏறக்குறைய 76 புள்ளிகள் பெறுவார் என எதிர்பார்க்கலாம். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் பெற்றால் தரப்புள்ளி ஏறும்; குறைந்தால் இறங்கும். ஆகவே தரப்புள்ளி அறிவுக்கு இடும் புள்ளி அன்று. இதுவரை ஆடிய ஆட்டங்களை வைத்து அடுத்த ஆட்டத்தைப் பற்றிச் செய்யும் ஒரு மதிப்பீடு மட்டுமே.

பிள்ளைகளின் புள்ளி ஏன் பின்தங்குகிறது?

வளரும் பிள்ளை நேற்றையவள் அல்லள். விடுமுறையில் மூன்று மாதம் நன்றாகப் பயின்றவளின் ஆட்டம் உயர்ந்திருக்கும். ஆனால் அவளது தரப்புள்ளி பழைய ஆட்டங்களையே சொல்லிக்கொண்டிருக்கும். அதனால்தான் 1500 உள்ள சிறுமியிடம் 1700 உள்ள பெரியவர் தோற்பது போட்டிகளில் அடிக்கடி நிகழ்கிறது.

இந்த இடைவெளியைக் குறைக்கப் பிடே ஒரு வழி வைத்திருக்கிறது. கணிப்பில் 'வளர்ச்சிக் குணகம்' என ஓர் எண் உண்டு. 2300க்குக் குறைந்த தரப்புள்ளி உடையவருக்கு, 18 வயது பூர்த்தியாகும் ஆண்டின் இறுதிவரை அது 40. பெரியவர்களுக்கு, புதியவர்கள் நீங்கலாக, பொதுவாக 20. 2400ஐ எட்டியவருக்கு 10. 1500 உள்ள 13 வயது மாணவி 1700 உள்ளவரை வென்றால், 40 × (1 − 0.24) எனக் கணித்து ஏறக்குறைய 30 புள்ளிகள் பெறுவாள். அதே வெற்றியை 40 வயதுப் பெண்மணி பெற்றால் அவருக்குக் கிடைப்பது 15 மட்டுமே. தோல்விக்கும் இதுவே விதி. எனவே பிள்ளையின் புள்ளி ஒரே போட்டியில் 60, 70 என இறங்கினால் பதற வேண்டியதில்லை. ஏறவும் இறங்கவும் இடமளித்தே அந்த வயதுக்கு விதி வகுக்கப்பட்டுள்ளது.

இன்னொன்றையும் பெற்றோர் நினைவில் வைத்திருத்தல் நன்று. 2024 மார்ச் மாதம் பிடே தரப்புள்ளியின் கீழ் எல்லையை 1000இலிருந்து 1400 ஆக உயர்த்தியது. 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2000ஐ எட்டக் குறைந்த அளவில் ஐந்தில் இரு பங்கு ஒரே தடவையில் கூட்டப்பட்டது. 1000 உள்ளவர் 1400 ஆனார். 1500 உள்ளவர் 1700 ஆனார். எனவே மூத்த மகளின் 2022ஆம் ஆண்டுப் புள்ளியையும் இளைய மகளின் இன்றைய புள்ளியையும் ஒப்பிட்டு ஒருத்தியை மெச்சி மற்றவளைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை.

இடை மறைக்கும் உண்மை

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வயதினரின் தரப்புள்ளிகளையும் எடுத்து இடை கண்டு வரைபாக வரைந்தால், வயது கூடக் கூட இடையும் உயர்ந்து செல்வதைக் காணலாம். அதைப் பார்த்து, "வளர வளர எல்லோரும் முன்னேறுகிறார்கள், என் பிள்ளை மட்டும் நின்றுவிட்டாள்" என்று எண்ணத் தோன்றும். அது அப்படியே உண்மையா?

கற்பனையாக ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 12 வயதில் பத்து மாணவிகள் ஆடுகின்றனர். ஐவருக்கு 1400, ஐவருக்கு 1600. இடை 1500. பரீட்சை, பிரத்தியேக வகுப்பு, ஆர்வக் குறைவு எனப் பல காரணங்களால் 1400 பெற்ற ஐவரும் விலகிவிடுகின்றனர். மற்ற ஐவரும் 18 வயதிலும் அதே 1600இல் நிற்கின்றனர். இப்போது இடை 1600. ஒருத்திகூட ஒரு புள்ளியும் முன்னேறவில்லை. ஆனால் இடை 100 ஏறிவிட்டது!

நிஜத்தில் இரண்டும் கலந்தே நடக்கின்றன. சிலர் முன்னேறுகின்றனர், சிலர் விலகுகின்றனர். ஒரு வயதினரின் இடை, அந்த வயது மனிதரை என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. அந்த வயதுவரை யார் நிலைத்து நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. இடையை மட்டும் பார்த்தால் வீச்சும் மறைந்துபோகும். 2021இல் அபிமன்யு மிஸ்ரா 12 வயதிலேயே கிராண்ட் மாஸ்டர் ஆனார். அப்பட்டத்துக்கு 2500 புள்ளிகள் வேண்டும். அதே 12 வயதில் 1400இல் தொடங்குவோரும் பலர்.

உச்சம் எந்த வயதில்?

ஒரே ஆட்டக்காரரை ஆண்டாண்டாகத் தொடர்ந்து பார்ப்பதே சரியான வழி. எலோவும் அவ்வாறு முன்னணி ஆட்டக்காரர்களை ஆராய்ந்து, உச்சம் 35 வயதை ஒட்டி வருவதாகக் கண்டார். ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது. மக்னஸ் கார்ல்சன் 2882 என்ற இதுவரையிலான மிகக் கூடிய புள்ளியை 2014இல் 23 வயதில் பெற்றார். ஜூடிட் போல்கர் தமது உச்சமான 2735ஐ 2005இல் 28 வயதில் தொட்டார். சென்னையைச் சேர்ந்த விஸ்வநாதன் ஆனந்த் 2817 பெற்றது 2011இல், 41 வயதில். அதே சென்னையின் குகேஷ் 2024இல் 18 வயதில் உலக சம்பியனானார். விக்டர் கோர்ச்னோய் 75 வயதிலும் உலகின் முதல் நூறு பேருள் ஒருவராக இருந்தார்.

பெண்பிள்ளைகள் எங்கே?

மேலே சொன்னவர்களுள் பெண் ஒருவரே என்பதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். இதற்கு ஆற்றல்தான் காரணமா? கிறிஸ்தோபர் சாப்ரிஸ், மார்க் கிளிக்மன் என்னும் ஆய்வாளர் இருவர், அமெரிக்காவின் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரரின் 13 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். வயதும் திறனும் ஒத்த ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேறினர். ஒரே அளவிலேயே விலகினர். வித்தியாசம் வாசலிலேயே இருந்தது. உள்ளே வரும் பெண்பிள்ளைகள் மிகக் குறைவு. புதிதாகச் சேரும் பிள்ளைகளில் பாதியேனும் பெண்களாக இருந்த இடங்களில், அவர்களது தொடக்கப் புள்ளி ஆண்பிள்ளைகளைவிடக் குறைவாக இருக்கவில்லை.

இதன் பொருள் எமக்குத் தெளிவானது. பத்துப் பேர் விலகினால் ஆயிரம் பேர் உள்ள கூட்டத்துக்குத் தெரியாது. இருபது பேர் உள்ள கூட்டத்தில் அது பாதி. பெண்கள் கல்லூரி ஒன்றில் சதுரங்கப் பலகையின் முன் அமரும் ஒவ்வொரு தங்கையும் அந்த வாசலை அகலமாக்குகிறாள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

சாதாரண தரப் பரீட்சை வரும்போது ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் உம்மா, வாப்பாவின் கவலை நியாயமானதே. பரீட்சைக்காக ஓய்வெடுப்பதில் தவறில்லை. ஆனால் ஓய்வு வேறு, விலகல் வேறு. ஓராண்டு ஆடாதிருந்தால் பிடே பட்டியலில் 'செயற்படாதவர்' எனக் குறிப்பார்கள்; தரப்புள்ளியைக் குறைப்பதில்லை. மீண்டும் வந்து அமரும் நாளில் அது அப்படியே இருக்கும். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கிடைக்கும் மாதங்களிலும், வளர்ச்சிக் குணகம் 40 ஆகவே இருக்கும்.

கொனேரு ஹம்பி 2002இல் 15 வயதில் கிராண்ட் மாஸ்டர் ஆனார். 2017இல் தாயானார், ஆட்டத்திலிருந்து சிறிது காலம் ஒதுங்கியிருந்தார். திரும்பி வந்து 2019இலும் 2024இலும் பெண்களுக்கான உலக அதிவேகச் சதுரங்கப் பட்டத்தை வென்றார். 2025 பெண்கள் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், 38 வயதான அவரை எதிர்த்து ஆடி வென்றவர் 19 வயதான திவ்யா தேஷ்முக். ஒருவரின் வயது மற்றவரின் வயதைப் போல இரு மடங்கு, பலகையோ ஒன்றே.

ஆகவே பிள்ளையின் புள்ளியை வயதுக்குரிய இடையுடன் ஒப்பிடுவதை விட்டு, அவளது கடந்த ஆண்டுப் புள்ளியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அதைவிட மேலாக, அடுத்த போட்டிக்கு அவள் பெயரைப் பதிந்துவிடுங்கள்.