நகராத மிதிவண்டியில் ஒரு நெடும்பயணம்
மெய்நிகர்க் காட்சியுடன் உடற்பயிற்சி: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

மறுவாழ்வுப் பயிற்சிக் கூடத்தில் இருக்கும் மிதிவண்டியில் பெடல் சுழலும்; வண்டியோ ஓர் அங்குலமும் நகராது. எதிரே சுவர், சுவரில் கடிகாரம். இருபது நிமிடம் மிதிக்கச் சொன்னால் ஐந்தாம் நிமிடத்திற்குள் பத்து முறை கடிகாரத்தைப் பார்த்துவிடுவோம். மாரடைப்பு, பைபாஸ் அறுவை சிகிச்சை, மூட்டு மாற்று சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின் பயிற்சியைத் தொடங்குவோர் அதை இடையில் கைவிடுவதற்கு உடல் வலி மட்டும் காரணமன்று. சலிப்பும் ஒரு காரணம். அச்சம் மற்றொரு காரணம். “நெஞ்சு படபடக்கிறதே, மறுபடியும் ஏதேனும் ஆகிவிடுமோ?” என்ற கவலை ஒவ்வொரு சுற்றிலும் உடன் வருகிறது.

இச்சலிப்பையும் அச்சத்தையும் தணிக்க இன்று கிடைக்கும் வழிகளுள் ஒன்று, மிதிவண்டிப் பயிற்சியோடு மெய்நிகர்க் காட்சியை இணைப்பது. மிதிப்பவரின் கண்முன் மலைப்பாதையோ கடற்கரைச் சாலையோ விரிகிறது. இம்முறை எவ்வாறு உதவுகிறது, எங்கே கவனம் தேவை என்பவற்றை இங்கே காண்போம்.

மெய்நிகர்ப் பயணம் என்பது யாது?

வி.ஆர். கண்ணாடி எனப்படும் கருவியைத் தலையில் அணிந்தால், இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்கள் தனித்தனியே காட்டப்படும். மூளை அவற்றை இணைத்து ஆழமுள்ள ஒரே காட்சியாகக் கொள்ளும். தலையைத் திருப்பினால் கருவியில் உள்ள உணரிகள் அதை அறிந்து, காட்சியையும் அதற்கேற்பத் திருப்பும். பெடலில் பொருத்திய உணரி, நாம் வேகமாக மிதித்தால் பாதையை வேகமாகவும், மெதுவாக மிதித்தால் மெதுவாகவும் நகர்த்தும். கண்ணாடிக்குப் பதிலாகப் பெரிய திரையில் இதே காட்சியைக் காண்பதும் உண்டு.

இக்கருத்து புதியதன்று. 1962ஆம் ஆண்டிலேயே அமெரிக்கத் திரைப்படக் கலைஞர் மார்ட்டன் ஹெய்லிக் ‘சென்சோராமா’ என்னும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் முன் அமர்ந்தவர், புரூக்ளின் தெருக்களில் மோட்டார் சைக்கிளில் செல்வது போன்ற காட்சியைக் கண்டார். இருக்கை அதிர்ந்தது, முகத்தில் காற்று வீசியது, வாசனையும் வந்தது. அது பொழுதுபோக்குக்காகப் பிறந்தது. இன்று அதே எண்ணம் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பயன்படுகிறது.

நார்வே நாட்டின் பெர்கன் நகரில் உருவான ‘மோட்டிவியூ’ என்னும் முறை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. முதியோரும் மறதி நோய் உடையோரும் நாற்காலியில் அமர்ந்தபடியே பெடல் மிதிக்க, எதிரே உள்ள திரையில் அவர்கள் சிறுவயதில் நடந்த தெருக்களும் வாழ்ந்த ஊர்களும் வருகின்றன. அங்கே தலையில் கண்ணாடி இல்லை. அருகில் பராமரிப்பாளர் அமர்ந்து உரையாட முடிகிறது. பல நாடுகளின் முதியோர் இல்லங்கள், யார் கூடுதல் தூரம் மிதித்தார்கள் எனத் தமக்குள் போட்டியும் நடத்துகின்றன.

காட்சி மாறினால் உடலில் என்ன மாறுகிறது?

உழைப்பின்போது தசைகளும் நுரையீரலும் “களைப்பாக இருக்கிறது” என்ற செய்தியை மூளைக்கு இடைவிடாது அனுப்புகின்றன. பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாத அறையில் நம் கவனம் முழுவதும் அச்செய்தியின் மேலேயே இருக்கும். கண்முன் பாதை விரியும்போது கவனத்தின் ஒரு பகுதி அங்கே செல்கிறது. அதனால், அதே அளவு உழைப்பு சற்று எளிதாகத் தோன்றுகிறது. மிதமான பயிற்சியில்தான் இப்பயன் தெளிவாகக் கிட்டும். உழைப்பு மிகக் கடுமையானால், எந்தக் காட்சியாலும் உடலின் குரலை மறைக்க முடியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதயத்தை வலுப்படுத்துவது காட்சியன்று, மிதித்தல்தான். முறையான பயிற்சியால் தசைகள் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனை நன்கு எடுத்துக்கொள்ளப் பழகுகின்றன. அதே வேலைக்கு இதயம் துடிக்க வேண்டிய எண்ணிக்கை குறைகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுப்பட உதவி கிடைக்கிறது. பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த நிமிடங்களைச் சலிப்பின்றி நிறைவு செய்ய ஊன்றுகோலாக நிற்பதே மெய்நிகர்க் காட்சியின் பணி.

இனிமைக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து

களைப்பை மறக்கச் செய்யும் அதே ஆற்றல், எச்சரிக்கையையும் மறக்கச் செய்யக்கூடும். “அந்த வளைவைத் தாண்டிவிடுவோம்”, “அந்த மேட்டை ஏறிவிடுவோம்” என்ற ஆர்வத்தில், இதயம் தாங்கும் எல்லையை நாம் அறியாமலே கடந்துவிடலாம். ஆகவே காட்சி எவ்வளவு அழகாக இருப்பினும், பின்வரும் அளவுகோல்களைக் கைவிடலாகாது.

முதலாவது, பேச்சுச் சோதனை. மிதிக்கும்போதே முழு வாக்கியங்களாகப் பேச முடிந்தால் உழைப்பு மிதமானது. இரண்டு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது மிகுதி. அருகில் இருக்கும் குடும்பத்தினர் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை ஏதேனும் கேட்டுப் பதில் பெறுவது நல்லது.

இரண்டாவது, போர்க் அளவுகோல். சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த இவ்வளவுகோலில் 6 என்பது எவ்வித உழைப்பும் இல்லாத நிலை. 20 என்பது இயன்றவரையிலான உச்ச உழைப்பு. இதய மறுவாழ்வுப் பயிற்சியில் பெரும்பாலும் 11 முதல் 13 வரை, அதாவது எளிது என்பதற்கும் சற்றுக் கடினம் என்பதற்கும் இடைப்பட்ட நிலை அறிவுறுத்தப்படுகிறது. உங்களுக்குரிய எண்ணை உங்கள் மருத்துவரே சொல்வார்.

நாடித்துடிப்பை மட்டும் நம்பலாமா என்று கேட்கலாம். மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகளை உட்கொள்வோருக்கு நாடித்துடிப்பு இயல்பாகவே குறைவாக இருக்கும். கடிகாரத்திலோ கைப்பேசிச் செயலியிலோ காட்டப்படும் பொதுவான இலக்கை எட்ட அவர்கள் முயல்வது தவறு.

நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, மயக்க உணர்வு, ஒழுங்கற்ற படபடப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மிதிப்பதை நிறுத்துங்கள், கண்ணாடியைக் கழற்றுங்கள், உதவிக்கு அழையுங்கள். மருத்துவமனையில் எனில் பணியாளரை, வீட்டில் எனில் 108 ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்காதீர்கள்.

சிலருக்குத் தலை சுற்றுவது ஏன்?

ஓடும் பேருந்தில் புத்தகம் படித்தால் சிலருக்குக் குமட்டும். உடல் அசைகிறது என்று காது சொல்கிறது. அசையவில்லை என்று கண் சொல்கிறது. வி.ஆர். கண்ணாடியில் இம்முரண் தலைகீழாக நிகழ்கிறது. நாம் விரைந்து செல்கிறோம் என்று கண் சொல்ல, உட்காதில் உள்ள சமநிலை உறுப்போ நாம் ஓரிடத்திலேயே அமர்ந்திருக்கிறோம் என்கிறது. விளைவு குமட்டல், தலைச்சுற்றல், வியர்வை. இவை இதய நோயின் அறிகுறிகளோடு குழம்பக்கூடியவை. எனவே காரணத்தை நாமே ஊகிக்காமல் நிறுத்திவிட்டுச் சொல்வதே முறை.

முதல் நாளில் கண்ணாடியை ஐந்து நிமிடத்திற்கு மேல் அணிய வேண்டாம். வளைவுகள் குறைந்த, சமதளமான பாதையைத் தேர்ந்தெடுங்கள். சிறு மின்விசிறி ஒன்றை முகத்தை நோக்கி வைத்தால் பலருக்கு இதமாக இருக்கும். அப்போதும் ஒத்துவரவில்லை எனில் திரையே போதும்.

வலிப்பு நோய், அண்மையில் நடந்த கண் அறுவை சிகிச்சை, காது சார்ந்த சமநிலைக் கோளாறு ஆகியவை உடையோர் மருத்துவரின் ஒப்புதலின்றிக் கண்ணாடியை அணியலாகாது. மறதி நோய் உடையோருக்குச் சூழல் திடீரென மறைவது அச்சத்தைத் தரலாம். அவர்களுக்குத் திரையே ஏற்றது.

பயிற்சியைத் தொடங்கும் முறை

இருக்கையின் உயரத்தை முதலில் சரிசெய்யுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். மூட்டு மாற்று சிகிச்சை பெற்றவர்கள் இருக்கையைச் சற்று உயர்த்தி, முதலில் முன்னும் பின்னுமாகப் பாதிச் சுற்று மட்டும் அசைத்துப் பழகலாம். முழுச் சுற்றை வலிந்து முயல வேண்டாம்.

வண்டியில் ஏறி அமர்ந்து, இரு கைகளும் கைப்பிடியில் நிலைத்த பின்னரே கண்ணாடியை மற்றொருவர் அணிவிக்க வேண்டும். இறங்கும் முன் அதைக் கழற்றி, அரை நிமிடம் அறையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். கண்ணாடியோடு இறங்க முயன்றால் விழ நேரிடும்.

தொடக்கத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் சுமையின்றி மெதுவாக மிதியுங்கள். முடிவிலும் அவ்வாறே செய்யுங்கள். திடீரென நிறுத்தினால் கால்களில் இரத்தம் தேங்கி, இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். காட்சியில் பயணம் முடிந்துவிட்டது என்பதற்காகக் காலையும் உடனே நிறுத்திவிடாதீர்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் பயிற்சிக்கு முன் சர்க்கரையைச் சோதித்து, 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் சிறிது உணவு உண்டு தொடங்குவது பாதுகாப்பு. குளுக்கோஸ் கையருகே இருக்கட்டும். ஒருவர் அணிந்த கண்ணாடியை அடுத்தவர் அணியும் முன், முகத்தில் படும் பகுதியைத் துடைத்துத் தூய்மை செய்தல் இன்றியமையாதது.

வீட்டில் ஓர் எளிய வழி

இதற்கெல்லாம் விலையுயர்ந்த கருவி வேண்டுமே என்று மனம் தளர வேண்டாம். வீட்டுத் தொலைக்காட்சியும், நாற்காலியின் முன் வைத்து மிதிக்கும் சிறிய பெடல் கருவியும் போதுமானவை. பேரனோ மகளோ சொந்த ஊருக்குச் செல்லும்போது, இரு சக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் அமர்ந்து, கடைத்தெரு, கோயில் வீதி, வாய்க்கால் கரை, பள்ளிக்கூடம் என இருபது நிமிடம் கைப்பேசியில் படமெடுத்து வரலாம். வண்டி மெதுவாகச் செல்லட்டும். ஊரின் ஒலிகளும் பதிவாகட்டும்.

அதைப் பார்த்தபடி மிதிக்கும்போது, “இங்கே ஒரு புளியமரம் இருந்ததே!” என்று அப்பா சொல்லத் தொடங்கினால், அவரைப் பேச விடுங்கள். நினைவு ஊறுகிறது, மனத்தின் இறுக்கம் தளர்கிறது. அத்துடன், மூச்சு வாங்காமல் அவரால் பேச முடிகிறது என்பதையும் நீங்கள் அறிந்துகொள்கிறீர்கள். பேச்சுச் சோதனை அங்கே தானாகவே நடந்துவிடுகிறது.

இப்பயிற்சி உங்களுக்குப் பொருந்துமா, எத்தனை நிமிடம், எவ்வளவு சுமை என்பவற்றை அடுத்த முறை வரும்போது உங்கள் மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் கேட்டறியுங்கள். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை உடன் கொண்டு வாருங்கள். திரையில் காணும் அதே தெருவில் ஒருநாள் அச்சமின்றி நடந்து செல்வதே இப்பயணத்தின் இலக்கு.