கணவர் நியூயார்க்கில், மனைவி ஃபுளோரிடாவில்: வரிக்கணக்கு எப்படி?

அமெரிக்காவில் கணவர் ஒரு மாநிலத்திலும் மனைவி இன்னொரு மாநிலத்திலும் வேலை பார்க்கும் குடும்பங்கள் எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டு. ஒன்று ஃபெடரல் வரிக்கு, மற்றொன்று மாநில வரிக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால், கட்டத் தேவையில்லாத வரியைக் கட்ட நேரிடும்.

ஃபெடரல் வரி

டிசம்பர் 31 அன்று சட்டப்படி தம்பதியாக இருந்தால், அந்த ஆண்டு முழுவதுக்கும் தம்பதியே. வேலைக்காக வேறு ஊரில் தங்குவது இதை மாற்றாது. கணக்கைக் கூட்டாகவும் தரலாம், தனித்தனியாகவும் தரலாம்.

2025-ஆம் ஆண்டு வருமானத்துக்கு நிலையான கழிவு, கூட்டாகத் தந்தால் 31,500 டாலர். தனித்தனியாகத் தந்தால் ஆளுக்கு 15,750 டாலர். கூட்டினால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் தனித்தனியாகத் தருபவர்களுக்குக் கல்விக் கடன் வட்டிக் கழிவும் கல்விச் செலவுக்கான வரிச் சலுகைகளும் கிடைக்காது. ஒருவர் செலவுகளைப் பட்டியலிட்டுக் கழித்தால் மற்றவருக்கு நிலையான கழிவும் கிடையாது. இருவர் சம்பளத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் கூட்டுக் கணக்கில் வரி மேலும் குறையும். எனவே பெரும்பாலோருக்குக் கூட்டுக் கணக்கே லாபம்.

தனிக்கணக்கு பொருந்தும் இடங்களும் உண்டு. கூட்டாகக் கையெழுத்திட்டால் மொத்த வரிக்கும் இருவருமே பொறுப்பு. துணையின் கணக்கில் சந்தேகம் இருப்பவர் தனியாகத் தருவது பாதுகாப்பு. வருமானத்தைப் பொறுத்துக் கல்விக் கடன் தவணை கட்டுபவருக்கும் அது உதவலாம்.

மாநில வரி

கணவர் நியூயார்க்வாசி, மனைவி ஆண்டு முழுவதும் ஃபுளோரிடாவாசி என்று வைத்துக்கொள்வோம். ஃபுளோரிடாவில் தனிநபர் வருமான வரியே இல்லை. ஃபெடரலுக்குக் கூட்டாகத் தந்தாலும், நியூயார்க்குக்குக் கணவர் மட்டும் தனியாகத் தரலாம். அங்கேயும் கூட்டாகத் தந்தால், மனைவியும் நியூயார்க்வாசியாகக் கருதப்பட்டு அவருடைய ஃபுளோரிடா சம்பளத்துக்கும் வரி விழும்.

ஆனால் மனைவி உண்மையிலேயே வெளிமாநிலவாசியாக இருக்க வேண்டும். நியூயார்க்கில் நிரந்தரமாகத் தங்க வீடு இருந்து, ஆண்டில் 184 நாட்களோ அதற்கு மேலோ அங்கே கழித்தால், அந்த மாநிலம் அவரையும் தன் குடியாகவே கணக்கிடலாம். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, வாடகை ஒப்பந்தம், பயண ரசீதுகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

எல்லா மாநிலங்களிலும் இதே விதி இல்லை. கலிஃபோர்னியா, டெக்சஸ் உள்ளிட்ட 9 மாநிலங்களில், மணவாழ்வின்போது ஈட்டும் சம்பளம் பொதுவாக இருவருக்கும் சரிபாதி. டெக்சஸைச் சொந்த மாநிலமாகக் கொண்ட மனைவியின் சம்பளத்தில் பாதியை, கலிஃபோர்னியாவில் வசிக்கும் கணவரின் வருமானமாகக் கலிஃபோர்னியா கணக்கிடும். டெக்சஸில் வருமான வரி இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. மாறாக, நியூஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் இடையே ஒப்பந்தம் இருப்பதால், ஒன்றில் வசித்து மற்றொன்றில் வேலை செய்பவரின் சம்பளத்துக்கு வசிக்கும் மாநிலம் மட்டுமே வருமான வரி விதிக்கும்.

கெடு

ஃபெடரலுக்குத் தனித்தனியாகத் தந்தவர்கள் 3 ஆண்டுகளுக்குள் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். கூட்டாகத் தந்ததை, ஏப்ரல் 15 கெடு கடந்த பின் தனித்தனியாக மாற்ற முடியாது. ஆகவே கையெழுத்திடும் முன் இரண்டு வழிகளிலும் ஃபெடரல், மாநில வரிகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சொத்து சரிபாதியாகும் மாநிலம் எதுவும் குறுக்கிட்டால், அந்த மாநில விதிகள் தெரிந்த வரி ஆலோசகரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.