காமிக்ஸுக்கு இவ்வளவு விலையா? பணம் அனுப்பும் முன் தெரிய வேண்டியவை

2010-ல் லயன் காமிக்ஸ் 'இரத்தப் படலம்' தொடரின் முதல் 18 பாகங்களையும் கருப்பு வெள்ளையில் ஒரே குண்டுப் புத்தகமாக வெளியிட்டது. 850 பக்கங்களுக்கு மேல். விலை 200 ரூபாய். கையிருப்பு தீர்ந்தது, தவறவிட்டவர்கள் தேட ஆரம்பித்தார்கள். கொஞ்ச காலத்திலேயே அச்சிட்ட விலையைப் போலப் பல மடங்கு கேட்கப்பட்டது. 2018-ல் அதே கதை வண்ணத்தில், மூன்று புத்தகங்களாக மீண்டும் வந்தது. கதையைப் படிக்க மட்டும் விரும்பியவர்களுக்கு அதோடு பிரச்சினை தீர்ந்தது.

இந்த ஒரு புத்தகத்துக்குள்ளேயே இரண்டு வகை விலை இருக்கிறது. பதிப்பகம் போட்ட 200 ரூபாய் கணக்குப் போட்டு வந்த விலை. பிறகு கேட்கப்பட்டது, வைத்திருப்பவரும் வேண்டுபவரும் பேசி முடிவு செய்யும் விலை. முதலாவதற்குக் காரணம் கேட்கலாம், பதில் கிடைக்கும். இரண்டாவதற்கு எந்தக் கணக்கும் கிடையாது. இந்த வேறுபாடு தெரியாத வாசகரிடம்தான் ஏமாற்றுக்காரர்களின் வேலை எளிதாக நடக்கிறது.

புதிய புத்தகத்தின் கணக்கை முதலில் பார்ப்போம். 1984-ல் ராணி காமிக்ஸ் தொடங்கியபோது ஒரு இதழ் ஒன்றரை ரூபாய். தினத்தந்தி குழுமத்தின் விநியோக வலை அதற்குப் பின்னால் இருந்தது. ஊர் ஊராகப் பெட்டிக்கடையில் தொங்கியது. அதே ஆண்டில் சிவகாசியில் லயன் காமிக்ஸ் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1972-ல், 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் வந்திருந்தது. எல்லாமே மலிவுத் தாளில் அச்சாகி, பெரிய எண்ணிக்கையில் விற்று, பைசாக்களில் லாபம் பார்த்த தொழில். தொலைக்காட்சி வந்த பிறகு அந்த எண்ணிக்கை சரிந்தது. ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றுபோனது. லயனும் முத்துவும் 2012-ல் நல்ல தாளில், வண்ணத்தில், 100 ரூபாய் விலையில் புதுப்பிறவி எடுத்தன. அடுத்த ஆண்டு வந்த முத்துவின் 'நெவர் பிஃபோர் ஸ்பெஷல்' 400 ரூபாய்.

ஏன் இந்தத் தாவல்? லயன் வெளியிடும் டெக்ஸ் வில்லர் இத்தாலியக் கதை, இரத்தப் படலம் பெல்ஜியக் கதை. வெளியிட வேண்டுமானால் அங்குள்ள உரிமையாளருக்கு ராயல்டி கட்ட வேண்டும்; அதுவும் அந்நியச் செலாவணியில். மொழிபெயர்ப்பு, பலூன்களில் தமிழ் எழுத்து கோப்பது, பிளேட் போடுவது ஆகிய செலவுகள், ஐந்நூறு பிரதி அடித்தாலும் ஐம்பதாயிரம் அடித்தாலும் ஏறத்தாழ ஒன்றுதான். வாங்குவோர் குறையக் குறைய அந்தச் செலவு முழுவதும் குறைந்த பிரதிகளின் தலையில் ஏறுகிறது. வெளியில் தெரியாத ஒரு செலவும் உண்டு. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் புத்தகம் அச்சிடும் தாளுக்கு உண்டு. 12 சதவீதமாக இருந்த அந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். விற்கும் பொருளுக்கு வரி இல்லாததால், தாளுக்குக் கட்டிய வரியைப் பதிப்பகம் கழித்துக்கொள்ளவும் முடியாது. அது வாசகர் தரும் விலைக்குள்தான் வந்து சேர்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் ஆங்கில காமிக்ஸ் என்றால், இறக்குமதிப் புத்தகங்களுக்கு 2019 பட்ஜெட்டில் விதித்த 5 சதவீதச் சுங்க வரியும் சேரும். தபாலும் உதவவில்லை: புத்தகங்களை மலிவாகப் பதிவுத் தபாலில் அனுப்பும் வசதியை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டது.

ஆக, புதிய இதழின் விலையில் கொள்ளை எதுவும் இல்லை. குறைந்த வாசகர்கள் கூடி ஒரு தொழிலைத் தாங்கிப் பிடிக்க ஆகும் செலவு அது. ஆண்டுச் சந்தா கட்டுவது, முன்பதிவு செய்வது ஆகிய இரண்டும்தான் இந்த விலையைக் கட்டுக்குள் வைக்கும் வழி. எத்தனை பிரதி அடிப்பது என்று பதிப்பகத்துக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

பழைய புத்தகத்தின் கதை முழுக்க வேறு. ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் அச்சானவை ஏன் இன்று அரிது? யாரும் பாதுகாக்கவில்லை என்பதால்தான். படித்து முடித்தவுடன் எடைக்குப் போனவை, பரீட்சை நேரத்தில் பெற்றோர் கிழித்தவை, கைமாறிக் கைமாறிக் கந்தலானவை என்று கழித்தால் மிச்சம் கொஞ்சம்தான். அமெரிக்காவிலும் இதேதான் நடந்தது. சூப்பர்மேன் முதலில் தோன்றிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938-ல் 10 சென்ட். இரண்டாம் உலகப் போரில் பழைய காகிதம் திரட்டப்பட்டபோது அக்காலக் காமிக்ஸ்கள் பெருமளவில் கூழாகின. தப்பிய ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இந்தச் செய்திதான் பலரையும் கிறங்க வைக்கிறது. அதே அமெரிக்காவில் 1990-களில் நடந்ததை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1991-ல் 'எக்ஸ்-மென்' புது வரிசையின் முதல் இதழ் ஐந்து அட்டைகளோடு வந்து 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. மறு ஆண்டு சூப்பர்மேன் 'இறந்த' இதழ் கறுப்பு உறையில் ஒட்டப்பட்டு வந்தது; பிரிக்காமலேயே பெட்டியில் பூட்டி வைத்தார்கள், பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு உதவும் என்று. எல்லோரும் பத்திரப்படுத்தியதால் அவை அரிதாகவே ஆகவில்லை. சந்தை சரிந்தது, கடைகள் மூடின, 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. அந்த இதழ்கள் இன்றும் சில டாலருக்குக் கிடைக்கின்றன. 'லிமிடெட் எடிஷன், நாளைக்கு இதன் விலையே வேறு' என்று யாராவது சொன்னால் நினைவில் வைக்க வேண்டிய சரித்திரம் இது.

ஏமாற்று எப்படி நடக்கிறது? மிகப் பழைய வழி, மறுபதிப்பை மூலப் பதிப்பு என்று விற்பது. 1974-ல் அமெரிக்காவில் அதே 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழைப் பெரிய அளவில் மறுபதிப்பு செய்தார்கள். வெளி அட்டையில் மட்டும்தான் மறுபதிப்பு என்ற அடையாளம். அந்த அட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே இருப்பதை அசல் என்று விற்றவர்கள் உண்டு. அசலைவிடப் பெரியது என்பதால் அடிக்கோல் வைத்தாலே உண்மை தெரிந்துவிடும். அளக்காமல் வாங்கியவர்கள்தான் ஏமாந்தார்கள். தரம் பிரித்து பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்துத் தரும் நிறுவனங்களின் பெட்டிகளிலேயே உள்ளிருக்கும் புத்தகத்தை மாற்றிய மோசடியும் 2023 இறுதியில் அங்கே வெளிவந்தது. சீல் இருக்கிறது என்பது மட்டும் போதாது.

தமிழ்ச் சந்தையில் ஆபத்து இன்னும் எளியது: கலர் ஜெராக்ஸ். நல்ல ஸ்கேனரும் பிரிண்டரும் இருந்தால் போதும். கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. அட்டையில் மடிப்புக் கோடு தெரிகிறதா? விரலால் தடவிப் பாருங்கள். கோடு கண்ணுக்குத் தெரிந்து கைக்கு வழவழவென்று இருந்தால், அது மூலப் புத்தகத்தின் மடிப்பைப் படம் பிடித்து அச்சடித்தது. பின் அடித்த இடத்தில் பல ஆண்டுத் துரு தாளுக்குள் ஊறியிருக்க வேண்டும். பளபளக்கும் பின் என்றால் கேள்வி கேளுங்கள். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். இன்றைய வெள்ளைத் தாள் பெரும்பாலும் நீலமாக ஒளிரும். பழைய நியூஸ்பிரிண்ட் மங்கலாகவே இருக்கும். நடுப்பக்கங்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்காமல் பழைய இதழ் வாங்கவே கூடாது. நடுவில் ஒரு தாள் உருவப்பட்டால் கதையில் நான்கு பக்கம் போச்சு.

இன்னொரு வகை, புத்தகமே இல்லாமல் படத்தை மட்டும் காட்டிப் பணம் வாங்குவது. முகநூல், வாட்ஸ்அப் குழுக்களில் புகைப்படம் போட்டு, 'மூன்று பேர் கேட்கிறார்கள், இப்போதே அனுப்பினால் உங்களுக்கு' என்று அவசரப்படுத்துவார்கள். அந்தப் படம் வேறு யாருடைய அலமாரியிலிருந்தோ எடுத்ததாக இருக்கும். விற்பவரின் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு சீட்டில் எழுதிப் புத்தகத்தின் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையாகவே கையில் வைத்திருப்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை. அதற்குத் தயங்குபவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கும்? பழைய காமிக்ஸை வாங்குவதும் விற்பதும் குற்றமில்லை. ஒருமுறை விற்பனையான பிரதியை மறுபடி விற்கப் பதிப்புரிமைச் சட்டம் தடை சொல்வதில்லை. ஸ்கேன் செய்து பிடிஎஃப் கட்டுகளாக விற்பதும், அதையே அச்சடித்து விற்பதும்தான் குற்றம். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். அப்படி வாங்கியவருக்குக் கோப்பு திறக்கவில்லை என்றால் யாரிடம் போய் முறையிட முடியும்?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிகர் பொருளின் மேல் அச்சிட்ட விலைக்கு மேல் வசூலிப்பதையே புகாருக்கு உரிய காரணமாகச் சொல்கிறது. இந்த மாதம் வந்த இதழைக் கடைக்காரர் கூடுதல் விலைக்கு விற்றால் இது உதவும். எப்போதோ தீர்ந்துபோன இதழை, விலை தெரிந்து சம்மதித்து வாங்கிவிட்டு, இதை மட்டும் நம்பிப் போவது பலவீனமான வழக்கு. அசல் என்று சொல்லிப் போலியைக் கொடுத்திருந்தால் நிலைமையே வேறு. இணையவழி விற்பனை என்றால் 2020 மின்வணிக விதிகள் துணைக்கு வரும்: போலியான, குறையுள்ள, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

இங்கே சேகரிப்பாளர்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மறுபடி விற்று லாபம் பார்க்க வாங்குபவர், இந்தச் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே அல்ல. படிக்கவும் சேர்த்து வைக்கவும் வாங்குபவருக்குத்தான் நுகர்வோர் ஆணையம். அதேபோல, தன் வீட்டு அலமாரியைக் காலி செய்யும் தனிநபர் வணிகர் இல்லை. அவர் ஏமாற்றினால் நுகர்வோர் ஆணையத்தைவிடக் காவல் நிலையமே சரியான இடம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு மோசடிக்கு ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கிறது.

புகாருக்கு ஆதாரம்தான் உயிர். ரசீது கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் புத்தகத்தின் பெயர், இதழ் எண், 'மூலப் பதிப்பு', எல்லாப் பக்கங்களும் உள்ளன என்பதைக் குறுஞ்செய்தியில் எழுதி வாங்குங்கள். பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பணம் அனுப்பிவிட்டு ஏமாந்தது தெரிந்தால் குழுவில் திட்டிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. பொருள் குறித்த தகராறுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவே மனு போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் தவறு நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அதுவரை ரசீதையும் உரையாடலையும் வீடியோவையும் அழிக்காமல் வைத்திருங்கள்.