‘ஹோல்டு’ என்றார்கள், ‘அபார்ட்’ நடந்தது!

திருவனந்தபுரத்துக்குப் போனால் பத்மநாபசாமியைப் பார்த்த கையோடு தும்பாவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். கடற்கரையில் தென்னைகளுக்கு நடுவே மேரி மக்தலேனா சர்ச். உள்ளே போனால் ராக்கெட்! இன்று அது விண்வெளி அருங்காட்சியகம். அறுபதுகளில் விஞ்ஞானிகளுக்கு அலுவலகமே அதுதான். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது இங்கேதான்.

ராக்கெட்டைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். நாம் எட்டிப் பார்க்கப்போவது ராக்கெட்காரர்களின் வாயை! வெளியில் இருக்கும் நமக்கு ஒரே பொருளாகத் தெரியும் ஆங்கிலச் சொற்கள், உள்ளே ஒன்றுக்கொன்று முகம் கொடுத்தே பேசுவதில்லை.

தும்பாவில் ஏவுவது ‘சவுண்டிங் ராக்கெட்’. சத்தம் போடுவதால் வந்த பெயர் என்று நினைத்தால் போச்சு. மாலுமிகள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிக் கடலின் ஆழம் பார்ப்பார்களே, அதற்குப் பெயர் சவுண்டிங். இவர்கள் தலைகீழாக வானத்தின் ஆழம் பார்க்கிறார்கள். மேலே போகும், காற்றை அளக்கும், கடலில் விழும். எதையாவது சுற்றுப்பாதையில் விட்டால் அந்தஸ்து உயர்ந்து ‘லாஞ்ச் வெஹிக்கிள்’. வெடிகுண்டைச் சுமந்தால் ‘மிஸைல்’. இந்த இரண்டுக்கும் நடுவில் சுவர் எவ்வளவு மெல்லிசு என்பதற்கு நம்ம கலாமே சாட்சி. அவர் தலைமையில் 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து போன எஸ்எல்வி-3 லாஞ்ச் வெஹிக்கிள். அதன் முதல் கட்ட மோட்டாரையே அடியில் வைத்து 1989-இல் பறந்த அக்னி, மிஸைல்.

அடுத்து ‘இக்னிஷன்’, ‘லிஃப்ட்-ஆஃப்’. தீ மூட்டுவது ஒன்று, தரையை விட்டுக் கிளம்புவது இன்னொன்று. ஜிஎஸ்எல்வி ராக்கெட்டில் பக்கவாட்டு திரவ எஞ்சின்கள் 4.8 விநாடி முன்பே பற்றிக்கொள்ளும். அவை சரியாக எரிகின்றனவா என்று கம்ப்யூட்டர் பார்த்த பிறகுதான் நடுவில் உள்ள திட எரிபொருளுக்குத் தீ. ஏன் இந்தச் சந்தேகப் புத்தி? திரவ எஞ்சினை அணைக்கலாம். திட எரிபொருள் பற்றினால் பற்றியதுதான். 2001 மார்ச் 28 அன்று நான்கு பக்க எஞ்சின்களில் ஒன்று போதுமான உந்துவிசை தரவில்லை. கடைசி விநாடியில் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அணைத்தது. இக்னிஷன் ஆயிற்று, லிஃப்ட்-ஆஃப் ஆகவில்லை! அதே ராக்கெட் ஏப்ரல் 18 அன்று பறந்தது.

இப்போது என் செல்லக் கதை. 2023 அக்டோபர் 21, ஸ்ரீஹரிகோட்டா. மனிதர்களை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான டிவி-டி1 சோதனை. பறக்கும் ராக்கெட்டில் கோளாறு வந்தால் வீரர்கள் இருக்கும் கலத்தைப் பிய்த்துக்கொண்டு ஓட வேண்டும். அதற்குப் பெயர் ‘அபார்ட்’. அன்று சோதிக்க வேண்டியதே அந்த அபார்ட்டைத்தான். எட்டு மணிக்கு என்றார்கள். எட்டரை ஆனது, எட்டே முக்கால் ஆனது. ஒருவழியாக எண்ணிக்கொண்டே வந்தால், ஐந்து விநாடி இருக்கும்போது கம்ப்யூட்டர் ‘ஹோல்டு’ போட்டுவிட்டது! டிவி முன் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எல்லாம் முடிந்தது போல இருந்திருக்கும். ஆனால் ஹோல்டு என்றால் அப்படியே நில், அவ்வளவுதான். குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்து பத்து மணிக்கு ஏவினார்கள். சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் திட்டமிட்டபடி அபார்ட். பாராசூட் விரிந்தது, கலம் பத்திரமாகக் கடலில் இறங்கியது. அபார்ட் ஆனதற்குக் கைதட்டிக் கொண்டாடிய கூட்டத்தை வேறு எங்கே பார்க்க முடியும்?

‘ப்ரிசிஷன்’, ‘அக்யூரசி’ ஜோடியையும் விடக் கூடாது. உங்கள் டவுன் பஸ் தினமும் சரியாகப் பத்து நிமிடம் தாமதமாக வருகிறதா? ப்ரிசிஷன் அபாரம், அக்யூரசி பூஜ்யம். செயற்கைக்கோளுக்கு இரண்டுமே வேண்டும்.

ஏவும் நாளில் ஒலிபெருக்கியில் கேட்கும் இனிமையான சொல் ‘நார்மல்’. நாசாக்காரர்கள் இதையே ‘நாமினல்’ என்பார்கள். சாதாரண ஆங்கிலத்தில் நாமினல் என்றால் பெயரளவுக்கு என்றும் பொருள் உண்டு. அதனாலேயே எனக்கு நம்மவர்களின் நார்மல்தான் பிடிக்கும்.

ஆனால் 2025 மே 18 அன்று ஒரு சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பிஎஸ்எல்வி-சி61, இரண்டாம் கட்டம் வரை நார்மல். மூன்றாம் கட்டத்தில் ஒரு ‘அப்சர்வேஷன்’, அதனால் திட்டம் நிறைவேறவில்லை என்று அறிவித்தது இஸ்ரோ. தலைவர் வி. நாராயணன் நம்ம குமரி மாவட்டத்துக்காரர். திருவனந்தபுரத்தில் வலியமலை இஸ்ரோ மையத்தின் இயக்குநராக இருந்தவர். அவர் ஒளிக்கவில்லை, மோட்டாருக்குள் அழுத்தம் குறைந்ததைச் சொல்லிவிட்டார். அதை ‘அனாமலி’ என்றிருக்கலாம். ‘ஃபெயிலியர்’ என்றாலும் யாரும் கோபித்திருக்க மாட்டார்கள். நம்ம தமிழ்ப் பத்திரிகைகள் யோசிக்கவே இல்லை. தலைப்பில் பளிச்சென்று ‘தோல்வி’ என்றே போட்டுவிட்டன.