இறகு உதிராச் சேவல்

சேவலின் வால் எவ்வளவு நீளமிருக்கும் என்று கேட்டால், ஒரு முழம் என்று தயங்காமல் விடை சொல்லுவோம். ஜப்பான் தேசத்து ஓனாகடோரிச் சேவலைக் கண்டவர்கள் அவ்வாறு சொல்லத் துணியமாட்டார்கள். 1972-ஆம் வருஷத்தில் ஒரு சேவலின் வால் 10 மீட்டருக்கு மேல் இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. உடலின் எடையோ இரண்டு கிலோவுக்கும் குறைவுதான்!

ஷிகோகு தீவிலுள்ள கோச்சி மாகாணமே இதன் தாயகம். பண்டை நாளில் அதற்குத் தோசா என்று பெயர். பிரபுக்களின் ஊர்வலத்தில் ஈட்டிகளை அலங்கரிக்க நீண்ட இறகுகள் வேண்டியிருந்தமையால், குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக நெடுவால் சேவல்களைத் தேர்ந்து இனம் பெருக்கினார்கள் என்று சொல்லுவர்.

மற்றக் கோழிகள் வருஷந்தோறும் இறகு உதிர்த்துப் புதிது முளைக்கப்பெறும். இச்சேவலுக்கோ வாலிறகுகளிற் சில உதிர்வதே இல்லை; வயது ஏற ஏற அவையும் நீண்டுகொண்டே போகின்றன. பெட்டைக்கு இந்த நெடுவால் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானிய நெடுவால் கோழிகளை வருவித்த ஜெர்மானியர், அவற்றை வேறு ஜாதிகளுடன் கலந்து ‘பீனிக்ஸ்’ என்னும் இனத்தை உண்டாக்கினர். அது அழகிய பறவைதான். ஆயினும் உதிராத இறகு அதற்கு வாய்க்கவில்லை.

இனி, இந்த அழகுக்குச் சேவல் கொடுக்கும் விலையைப் பார்ப்போம். வால் மண்ணிற் புரண்டால் அழுக்குறும்; மிதிபட்டால் முறியும்; பல வருஷத்து வளர்ச்சி ஒரு நொடியிற் போய்விடும். ஆகவே ‘தொமேபாக்கோ’ என்னும் உயர்ந்த, ஒடுங்கிய பெட்டிக்குள், ஒரு கம்பின்மீது சேவலை அமர்த்தி வைக்கிறார்கள். அது வெளியே உலாவும்போது வாலை ஏந்திக்கொண்டு ஒருவர் கூடவே நடக்க வேண்டும். ராஜகுமாரனுக்குரிய உபசாரந்தான், ஆனால் இருப்பதென்னவோ சிறையில்!

ஜப்பானிய அரசாங்கம் 1923-இல் இவ்வினத்தை இயற்கைச் சின்னமாகவும், 1952-இல் விசேஷ இயற்கைச் சின்னமாகவும் அறிவித்தது. ஒரு கோழியையும் தேசத்தின் செல்வமாகக் கருதிய அந்தப் பற்றை நாம் மனமாரப் போற்றுகிறோம். எனினும் சட்டம் சேவலுக்குத் தீனி வைக்காது. விடியற்காலையில் எழுந்து பெட்டியைத் துலக்காது. அதைச் செய்யும் வளர்ப்போர் சிலரே.

உதிராத இறகு இரத்தத்தில் வரும் சொத்து. பெட்டியைத் திறந்துவிட்டால் வாலின் நீளம் குறையுமேயன்றி, அச்சொத்து அழியாது. பத்து மீட்டர் வாலுடன் கம்பிலேயே காலங்கழிக்கும் சேவலைக் காட்டிலும், சில முழம் குறைந்த வாலுடன் மண்ணைக் கிளறித் திரியும் சேவலே நம் கண்ணுக்கு அழகாய்த் தோன்றுகிறது.