ஷேர் மார்க்கெட்டுக்கும் லீவு உண்டு!

அமாவாசை என்றைக்கு, கிருத்திகை என்றைக்கு, பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவு எப்போது என்பதெல்லாம் நமக்கு விரல் நுனியில் இருக்கும். ஷேர் மார்க்கெட்டுக்கும் ஒரு லீவு காலண்டர் இருக்கிறது. அதைப் பார்க்காமல் நான் பட்ட அவஸ்தையைக் கேளுங்கள், சகோதரிகளே!

2024-ம் வருஷம் மார்ச் கடைசி. ஏப்ரல் 1, திங்கட்கிழமை அட்வான்ஸ் கொடுத்து வாடகை வீட்டுச் சாவி வாங்க வேண்டும். "என் பேரில் இருக்கிற ஷேரில் கொஞ்சம் வித்தா போதும்" என்று பெருமையாகச் சொன்னவள் நான்தான். 28-ம் தேதி வியாழக்கிழமை விற்றேன். 2023 ஜனவரி முதல் எல்லா ஷேர்களுக்கும், விற்ற மறு வேலை நாளே கணக்குத் தீர்ந்துவிடுகிறது. ஆகவே 'நாளைக்கே பணம் வந்துடும்' என்று நிம்மதியாக மாவு அரைக்கப் போய்விட்டேன்.

மறுநாள் புனித வெள்ளி. மார்க்கெட்டும் லீவு, பாங்கும் லீவு. அடுத்து சனி, ஞாயிறு. சரி, திங்கட்கிழமை வந்துவிடும் என்றிருந்தால், ஏப்ரல் 1 பாங்குகள் வருஷக் கணக்கு முடிக்கும் நாளாம்!

"அம்மா, மார்க்கெட் இன்னிக்குத் திறந்துதானே இருக்கு, பணம் ஏன் வரலை?" என்றான் மகன். இவரோ ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்தார். கடைசியில் ஓரகத்தியிடம் கைமாற்று வாங்கித்தான் சாவி வாங்கினோம். கணக்குத் தீர்ந்தது செவ்வாய்க்கிழமைதான். கடனை அந்த வாரமே அடைத்துவிட்டோம். ஆனாலும் கேட்கும்போது நான் கூனிக் குறுகி நின்றது எனக்குத்தானே தெரியும்!

பிறகு விசாரித்ததில் தெரிந்துகொண்டவை இவை.

லீவு இரண்டு வகை. ஒன்று, வாங்கல் விற்றலே இல்லாத நாள். மற்றொன்று, வியாபாரம் நடக்கும், ஆனால் பணமும் ஷேரும் கைமாறாத நாள். என்னை மாட்டிவிட்டது இந்த இரண்டாவதுதான்.

இரண்டு பெரிய சந்தைகளும் மும்பையில் இருப்பதால், லீவும் பெரும்பாலும் அந்த ஊரை ஒட்டித்தான். ஹோலி சனி, ஞாயிறில் வராவிட்டால் லீவு. நம் பொங்கலுக்கென்று லீவு கிடையாது. 2024 பார்லிமெண்ட் தேர்தலில் நாம் ஏப்ரல் 19-ம் தேதி ஓட்டுப் போட்டோம். அன்று மார்க்கெட் நடந்தது. மும்பை ஓட்டுப் போட்ட மே 20-ம் தேதி மூடிவிட்டார்கள்!

தீபாவளி லக்ஷ்மி பூஜை தினம் லீவுதான். ஆனாலும் முகூர்த்த வியாபாரம் என்று சுமார் ஒரு மணி நேரம் மட்டும் நடத்துகிறார்கள். சாஸ்திரத்துக்கு ஒன்றிரண்டு ஷேர் வாங்குகிறவர்கள் உண்டு.

இங்கே மூடியிருந்தாலும் வெளிநாட்டுச் சந்தைகள் தூங்குவதில்லை. மூன்று நான்கு நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால், அந்தச் சேதிகளெல்லாம் சேர்ந்து, திறக்கிற அன்று விலை சட்டென்று ஏறியோ இறங்கியோ தொடங்கலாம். 'இந்த விலைக்கு வந்தால் விற்றுவிடுவேன்' என்று நினைத்திருப்பவருக்கு அதைவிடக் குறைவாகவும் கிடைக்கலாம். பல வருஷத்துக்கென்று வாங்கி வைத்திருப்பவர்கள் இதற்காகக் கலங்க வேண்டியதில்லை. மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் கட்டுகிறவர்களுக்கும் பயமில்லை. தவணை நாள் லீவாக இருந்தால் அடுத்த வேலை நாளில் சேர்ந்துவிடும்.

நான் இப்போது கடைப்பிடிப்பது:

* டிசம்பரில் மறு வருஷ லீவு பட்டியல் வந்ததும் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் குறித்துவிடுகிறேன். தேர்தல் போன்ற லீவு நடுவில் சேர்வதால், விற்கும் முன் இன்னொரு தரம் பார்க்கிறேன்.

* பணம் தேவைப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே விற்றுவிடுகிறேன். கணக்குத் தீர்ந்த பிறகும் புரோக்கரிடமிருந்து நம் பாங்குக்கு வர ஒரு நாள் கூடுதலாக ஆகலாம்.

* ஃபீஸ், பிரசவச் செலவு, வாடகை அட்வான்ஸ் இதற்கெல்லாம் உள்ள பணத்தை ஷேரில் போடுவதே இல்லை. அது பாங்கிலேயே இருக்கட்டும்.

விற்றது வேறு, பணம் கைக்கு வந்தது வேறு. நடுவில் ஒரு லீவு புகுந்துகொண்டால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்!