கண்ணன் பாதமும் செம்மண்ணும்

கிருஷ்ண ஜெயந்தியன்று வாசலிலிருந்து பூஜையறை வரை நாம் போடும் சின்னக் கண்ணனின் பாதங்களில் ஓர் உடற்கூறுப் பிழை இருக்கிறது. அரிசிமாவுக் கரைசலில் முஷ்டியின் பக்கவாட்டைத் தோய்த்துத் தரையில் ஒற்றினால், நடுவில் அழகாகக் குழிந்த சுவடு விழும். விரல் நுனியால் ஐந்து பொட்டு வைத்தால் பாதம் தயார். ஆனால் வெண்ணெய் திருடும் வயதில் எந்தக் குழந்தைக்கும் அந்தக் குழிவு இருக்காது. உள்ளங்காலில் கொழுப்பு மெத்தை நிரம்பியிருக்கும்; ஈரக்காலோடு ஓடினால் தடம் முழுசாகத்தான் பதியும். பாத வளைவு எட்டிப் பார்க்கவே ஐந்தாறு வயதாகும்.

அந்த வளைவு ஒரு பொறியியல் அதிசயம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். இரண்டு பாதங்களையும் சேர்த்தால், உடம்பின் எலும்புகளில் ஏறக்குறைய கால்வாசி காலடியில்தான் இருக்கின்றன என்பது தமிழில் மட்டுமே சொல்லக்கூடிய வேடிக்கை. காலை ஊன்றும்போது வளைவு தாழ்ந்து அதிர்ச்சியை வாங்குகிறது. எடுக்கும்போது வில்லைப்போல் நிமிர்ந்து உடலை முன்னே தள்ளுகிறது.

இந்த வில் வளர்வதற்கும் செருப்புக்கும் தொடர்பு உண்டா? கர்நாடகத்தைச் சேர்ந்த எலும்பு மருத்துவர்கள் உதயபாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையிலான 2300 பிள்ளைகளின் காலடித் தடங்களை எடுத்துப் பார்த்தார்கள். 1992இல் வெளியான அந்த ஆய்வின்படி, காலணி அணிந்து வளர்ந்த பிள்ளைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே. விரல்களை மூடும் ஷூ போட்டவர்களிடம் அது அதிகம், சாதாரணச் செருப்புப் போட்டவர்களிடம் குறைவு. தட்டைப் பாதம் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் தராது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் மூன்று வயதுப் பிள்ளைக்கு லேஸ் கட்டிய ஷூவை மாட்டிவிடும் பள்ளிகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அடுத்தது தோல். வெறுங்காலில் நடந்து காய்த்துப்போன பாதம் மரத்துப்போகும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கென்யர்களையும் பாஸ்டன்வாசிகளையும் ஒப்பிட்டு 2019இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு இதை மறுத்தது. காய்ப்பு எவ்வளவு தடித்திருந்தாலும் தரையை உணரும் திறன் குறையவில்லை. காரணம் எளிது. காய்ப்பு கெட்டியானது, தரையின் அதிர்வை அப்படியே உள்ளே இருக்கும் நரம்பு முனைகளுக்குக் கடத்திவிடும். மெத்தென்ற ஷூ அடிப்பாகம் அந்தச் சேதியைப் பாதி வழியிலேயே விழுங்கிவிடுகிறது.

ஹார்வர்டு பேராசிரியர் டேனியல் லீபர்மன் குழு 2010இல் இன்னொன்றைக் காட்டியது. ஷூ போட்டு ஓடுபவர்கள் பெரும்பாலும் குதிகாலை முதலில் ஊன்றுகிறார்கள். வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பாதத்தின் முன்பகுதியை ஊன்றி, அதிர்ச்சியைத் தணித்துக்கொள்கிறார்கள். அதே காலத்தில் மேலை நாடுகளில் வெறுங்கால் ஓட்டம் ஒரு மோகமானது. நேற்றுவரை மெத்தையில் இருந்த காலைத் திடீரென்று தார்ச்சாலையில் இறக்கிய சிலர், பாத எலும்பில் விரிசல் வாங்கிக்கொண்டதுதான் மிச்சம்.

அந்த மோகத்தின் குலதெய்வம் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானுக்கு வந்தவருக்குக் கொடுத்த ஷூ சரியாகப் பொருந்தவில்லை. வெறுங்காலில் பயிற்சி எடுத்தவர்தானே, அப்படியே ஓடினார். 2 மணி 15 நிமிடம் 16 வினாடி, உலக சாதனை, தங்கம். இந்தக் கதையைச் சொல்பவர்கள் நான்கு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் அவர் ஷூ போட்டுக்கொண்டு ஓடி, இன்னும் மூன்று நிமிடம் குறைத்து மீண்டும் தங்கம் வென்றதை ஏனோ சொல்வதில்லை.

சொல்லாமல் விடுவது இன்னொன்றும் உண்டு. பிக்கிலாவின் அதே நாட்டில், மேட்டுநிலங்களின் எரிமலைச் செம்மண்ணில் ஆண்டுக்கணக்காக வெறுங்காலில் உழுபவர்களுக்குக் கால் வீங்கி யானைக்காலாகிறது. நம் ஊர் யானைக்கால் நோயைப் பரப்புவது கொசு. அங்கே காரணம் கொசுவும் இல்லை, கிருமியும் இல்லை, மண்தான். அந்த மண்ணின் நுண்துகள்கள் தோல் வழியே புகுந்து, நிணநீர்க் குழாய்களை அழற்சியால் அடைத்துவிடுகின்றன. எல்லோருக்கும் வருவதில்லை, மரபணுவில் அதற்கு இடம்கொடுப்பவர்களுக்கே வருகிறது. பரம்பரைச் சாபம் என்று ஊர் ஒதுக்கிவைத்த இந்த நோய்க்கு மண்தான் காரணம் என்று 1970களில் தெளிவாக்கியவர் எர்னெஸ்ட் பிரைஸ் என்ற மருத்துவர். போடோகோனியாசிஸ் என்று பெயர். தடுப்பு மருந்து என்ன தெரியுமா? ஒரு ஜோடி ஷூ, சோப்பு, தண்ணீர்.

வெறுங்கால் நல்லதா, கெட்டதா என்று கேட்பவர்கள் காலை மட்டும் பார்க்கிறார்கள். எந்தத் தரை, யாருடைய தரை என்று கேட்பதில்லை.

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் அவர்கள் குடியிருந்த லயன் வீடுகளுக்குக் கழிப்பறை இருக்கவில்லை. மலம் கலந்த ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் காத்திருக்கும். வெறுங்கால் பட்டதும் தோலைத் துளைத்து, இரத்தம், நுரையீரல், தொண்டை என்று பயணம் செய்து, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். சோகை பிடித்துச் சோர்ந்தவர்களுக்குச் சோம்பேறிப் பட்டமும் கிடைத்தது. 1916 வாக்கில் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அங்கே ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. இங்கே ஊருக்குள்ளோ, மேல்தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சிலருக்குச் சாதி சட்டம் போட்டிருந்தது. அந்த வெறுங்காலில் ஆரோக்கியம் பேச எனக்கு நா எழாது.

தரை எதுவானாலும், அதை உணரும் கால் வேண்டும். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோய்தான் சதையை அழுகவைக்கிறது என்று உலகம் நம்பிய காலம். இல்லை, வலி தெரியாததால்தான் புண் வருகிறது என்றார் அவர். நமக்கு ஒரு சரளைக்கல் உறுத்தினால் யோசிக்காமலே எடையை மாற்றி ஊன்றுவோம். உணர்ச்சி செத்த கால், அதே இடத்தில் மீண்டும் மீண்டும் மிதித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அங்கே பிறந்த அக்கறையில் வந்தவைதான் நுண்துளை ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்புகள். இன்று சர்க்கரை நோயாளிகளும் அவற்றை வாங்குகிறார்கள்.

என் பெரியப்பாவும் அவர்களில் ஒருவர். சித்திரை வெயிலில், கோயில் பிராகாரத்தை அவர் நிதானமாக மூன்று சுற்று வந்தார். நாங்கள் நிழல் தேடித் துள்ளிக்கொண்டிருந்தோம். “கல்லு அப்படியா சுடுது?” என்று கேட்டார். மறுநாள் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம்.

மருத்துவமனையில் அவரைக் கண்ணை மூடச் சொன்னார்கள். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றால் பாதத்தை அங்கங்கே தொடுவார்கள். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். கட்டைவிரல், குதிகால், நடுப்பாதம் என்று டாக்டர் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் குறித்துக்கொண்டே வந்தார். கண்ணைத் திறக்காமல் பெரியப்பா கேட்டார்:

“இன்னும் ஆரம்பிக்கலையா, டாக்டர்?”